கைவிளக்கேந்திய காரிகையும் சிறு ஆந்தையும்

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாத மாணவியர் இருக்க முடியாது. இரவு வேளையில் கைவிளக்கேந்தி, காயமுற்ற போர்வீரர்களின் கட்டில்தோறும் சென்று நலம் விசாரித்த அன்னை அவர். ஆனால், அவருடைய பையில் ஓர் ஆந்தை வாழ்ந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், இத்தாலியிலுள்ள ஃபிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஓர் ஆங்கிலக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தம்மைத் தொண்டுக்கு இறைவன் அழைப்பதாக 16 வயதிலேயே உணர்ந்தார். ஆனால் நோயாளிகளைப் பேணும் வேலை அக்காலத்தில் இழிவாக எண்ணப்பட்டது. பெற்றோரும் தமக்கை பார்த்தினோப்பியும் அதற்கு இசையவில்லை. மனம் வாடியிருந்த அவரைக் குடும்ப நண்பர்களான பிரேஸ்பிரிட்ஜ் தம்பதியர் எகிப்துக்கும் கிரேக்க நாட்டுக்கும் அழைத்துச் சென்றனர்.

1850-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோவிலருகே, கூட்டிலிருந்து விழுந்த ஆந்தைக் குஞ்சு ஒன்றைச் சிறுவர்கள் துன்புறுத்திக் கொண்டிருந்தனர். அம்மையார் அதை அவர்களிடமிருந்து மீட்டார். நம் ஊரில் ஆந்தை அலறினால் அபசகுனம் என்பார்கள். பண்டைய கிரேக்கரோ அதை அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவையாகப் போற்றினர். அதனால் குஞ்சுக்கும் அதீனா என்றே பெயரிட்டார்.

வளர்ந்த பின்னும் சுமார் ஒரு சாண் உயரமே இருக்கும் சிறு ஆந்தை இனம் அது. அம்மையாரின் கையில் உணவு உண்டது. அவர் செல்லுமிடமெல்லாம் அவருடைய பைக்குள் அமர்ந்து சென்றது. அவரோடு இங்கிலாந்துக்கும் வந்து சேர்ந்தது. தம் விருப்பத்தைப் புரிந்துகொள்ளாத வீட்டில், அந்தச் சிற்றுயிர் அவருக்கு எத்தகைய ஆறுதலாய் இருந்திருக்கும்!

1854-இல் கிரிமியப் போர் மூண்டிருந்தது. காயமுற்ற வீரர்கள் கவனிப்பாரின்றி மடிவதாகச் செய்தி வந்தது. செவிலியரை அழைத்துச் செல்லும் பொறுப்பை அம்மையார் ஏற்றார். சில நாட்களுக்குள் புறப்பட வேண்டும். அந்தப் பரபரப்பில் வீட்டார் அதீனாவை மேல்மாடத்து அறையில் விட்டனர். எலிகளைப் பிடித்துத் தின்று பிழைத்துக் கொள்ளும் என்று எண்ணினர். மனிதர் கையால் உண்டே பழகிய பறவை அங்கே தனியே இறந்து கிடந்தது. யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் ஓர் உயிர் போயிற்று.

போர்முனைக்குச் செல்லவும் கலங்காத அம்மையார், அந்தச் சிறிய உடலைக் கையில் வாங்கியபோது கண்ணீர் விட்டார். ஆனால் பயணத்தைக் கைவிடவில்லை. அக்டோபர் 21-ஆம் நாள் 38 செவிலியருடன் புறப்பட்டார். அவர்களுள் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். அவர்களில் ஒருவரான அன்னை மேரி கிளேர் மூர் பின்னாளில் அவருக்கு உற்ற தோழியானார்.

1855-இல் கிரிமியாவில் அம்மையார் கடுங்காய்ச்சலில் விழுந்தார். அப்போது தமக்கை பார்த்தினோப்பி, அதீனாவின் வாழ்க்கைக் கதையைத் தம் கைப்பட எழுதி, படங்களும் வரைந்து அனுப்பினார். ஒருகாலத்தில் தங்கையின் பாதையைத் தடுத்தவர், தங்கை நேசித்த பறவையைக் கொண்டே அவருக்கு ஆறுதல் கூறினார். அம்மையார் பிழைத்தெழுந்தார்; 1860-இல் லண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள் 90-ஆம் வயதில் மறைந்தார்.

பாடம் செய்யப்பட்ட அதீனாவை இன்றும் லண்டனிலுள்ள அம்மையாரின் நினைவு அருங்காட்சியகத்தில் காணலாம்.

அன்புத் தோழியரே, ஓர் உயிரைக் காப்பாற்றுவது ஒரு நொடியின் இரக்கம். அதைத் தொடர்ந்து பேணுவதோ நாள்தோறும் செய்ய வேண்டிய கடமை. ஆயிரமாயிரம் நோயாளிகளைப் பேணிய கரங்கள், முன்னர் ஒரு சிறு குஞ்சையும் ஏந்தியவை என்பதை மறவாதிருப்போம்.