இருளில் புலியைக் கண்டவர்

துப்பாக்கியே வீரத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட காலம் அது. ஆங்கில அதிகாரிகளும் சமஸ்தான மன்னர்களும் புலிகளைச் சுட்டு வீழ்த்தி, உயிரற்ற உடலருகே நின்று படமெடுத்துக்கொண்டனர். உயிருள்ள புலியை அதன் சொந்தக் காட்டில், இயல்பான நடையில் படம்பிடிக்க விழைந்தவர் எஃப்.டபிள்யூ. சாம்பியன்.

அவர் 1893ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை பூச்சியியல் அறிஞர். தமையன் ஹாரி, இந்தியக் காடுகளை வகைப்படுத்திப் புகழ்பெற்றவர். 1913இல் இந்தியாவுக்கு வந்த சாம்பியன், காவல்துறையிலும் படையிலும் பணியாற்றியபின் ஐக்கிய மாகாண வனத்துறையில் சேர்ந்தார்.

புலியோ இரவில் உலவுவது. மனித வாடை பட்டால் விலகிச் செல்வது. எனவே, தாம் இல்லாத இடத்தில் கருவியை விழித்திருக்கச் செய்தார். காலடித் தடங்களை ஆராய்ந்து, புலி வழக்கமாக வரும் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டினார். புலியின் கால் கம்பியில் பட்டதும் மக்னீசியப் பொடி பளீரென எரியும். அந்நொடியில் ஒளிப்படம் பதிவாகும். மானோ முள்ளம்பன்றியோ இடறிவிட்டால் அன்றைய இரவே வீண். மழையும் பனியும் வேறு பகைகள். எத்தனை இரவுகள் இவ்வாறு கழிந்திருக்கும்! ஆயினும் அவர் சலிக்கவில்லை. 1925இல் அப்படங்கள் இலண்டன் இதழில் வெளிவந்தன, 1927இல் நூலாயின.

படங்களை ஒப்புநோக்கியபோது ஓர் உண்மை புலப்பட்டது. ஒரு புலியின் உடல்வரிகள் மற்றொன்றுக்கு இல்லை. நம் கைரேகையைப் போன்றே அவை புலிக்குப் புலி வேறுபட்டன.

வேட்டை உரிமம் வழங்கிய துறையிலேயே பணிபுரிந்தவர், வேட்டைக்கு வரம்பு வேண்டும் என வாதிட்டார் என்பது வியப்புக்குரியது. காப்புக்காடுகளுக்குள் மோட்டார் வண்டிகள் நுழைவதையும் எதிர்த்தார். வேட்டையாடியாக அறியப்பட்ட ஜிம் கார்பெட், கேமராவின் பக்கம் திரும்பியதில் சாம்பியனுக்குப் பங்குண்டு. 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவானபோது இருவரும் அதற்குத் துணைநின்றனர். 1947இல் இந்தியாவை விட்டுச் சென்ற அவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றி, 1970இல் மறைந்தார்.

உல்லாஸ் கரந்த் 1990களில் நாகரஹொளேயில் இவ்வரிகளைக் கொண்டே புலிகளைக் கணக்கிட்டார். 2018ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைக்கப்பட்டன. 76,651 புலிப் படங்கள் கிடைத்தன. இப்பொழுது கம்பியும் இல்லை, எரியும் பொடியும் இல்லை. உடலின் வெப்பத்தையும் அசைவையும் கருவியே உணர்கிறது. புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல. ஆதலால் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டுத்தடத்தின் இருமருங்கிலும் இரண்டு கருவிகளை எதிரெதிரே கட்டிவைக்கின்றனர்.