வெப்பத்தின் வழியைக் கணக்கிட்ட கே.எஸ். கிருஷ்ணன்

புது தில்லி: ராமன் விளைவு குறித்த பேச்சு எழும்போது மட்டுமே கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணனின் பெயர் நினைவுகூரப்படுகிறது. நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டுமா என்ற விவாதத்தோடு அப்பேச்சு முடிந்தும்விடுகிறது. தலைநகரில் வாழ்ந்த 14 ஆண்டுகளில் அவர் மேற்கொண்ட ஆய்வு, தமிழகத்திலேயே பலர் அறியாதது. சூடேறிய திடப்பொருளில் வெப்பம் எவ்வாறு கடத்தப்படுகிறது என்பதைப் பற்றியது அது.

வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ம் தேதி பிறந்த கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். 1923-ல் கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். பின்னர் டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார்.

தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு 1947 ஜனவரி 4-ம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். குடியரசு மலர்வதற்கு ஐந்து நாள்கள் முன்னதாக, 1950 ஜனவரி 21-ம் தேதி சர்தார் படேல் அதைத் திறந்து வைத்தார். முதல் இயக்குநர் கிருஷ்ணன். அளவைகளின் தரத்தை நிர்ணயிப்பது அந்த ஆய்வகத்தின் தலையாய கடமை. கோப்புகளும் குழுக்கூட்டங்களும் சூழ்ந்த பதவி அது. அதற்கிடையிலும் எஸ்.சி. ஜெயினுடன் சேர்ந்து, வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடேற்றப்படும் மெல்லிய கம்பியை அவர் ஆராய்ந்தார்.

கேள்வி எளியதாகத் தோன்றும்: கம்பியின் எந்த இடத்தில் எவ்வளவு வெப்பநிலை? நடுப்பகுதி செந்தழலாக ஒளிரும்; முனைகளையோ குளிர்ந்த பிடிகள் பற்றியிருக்கும். வெப்பம் கம்பி வழியே முனைகளுக்குக் கடத்தப்படுகிறது; மேற்பரப்பிலிருந்து கதிர்வீச்சாகவும் வெளியேறுகிறது. கெல்வின் அளவில் வெப்பநிலை இரு மடங்கானால் கதிர்வீச்சு 16 மடங்காகும். கடத்தலோ அப்படிப் பெருகுவதில்லை. ஒரே சமன்பாட்டில் இவ்விரண்டையும் அடக்குவதுதான் சிக்கல். கம்பி போதிய நீளமாக இருந்தால் நடுப்பகுதி முழுவதும் ஏறத்தாழ ஒரே சூட்டில் நிற்கும். சரிவெல்லாம் முனைகளை ஒட்டியே நிகழும். அந்தச் சரிவை அளந்தால், மிக உயர்ந்த வெப்பநிலையிலும் பொருளின் கடத்துதிறனைக் கணித்துவிடலாம். ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1954-ல் இக்கட்டுரைகள் வெளிவந்தன.

இது கம்பியோடு நிற்கும் கணக்கன்று. கொதிநீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளர் விரிசல் விடுவதேன்? உட்புறம் விரிய முயல, இன்னும் சூடேறாத வெளிப்புறம் அதைத் தடுக்கிறது. வெப்பச் சரிவு செங்குத்தாக உள்ள இடத்திலேயே உள்ளிழுவிசையும் மிகுகிறது. அந்தச் சரிவு தெரியாமல் உலையின் சுவரையோ இயந்திரத்தின் பாகத்தையோ நம்பி வடிவமைக்க இயலாது.

கிருஷ்ணன் அரசியலுக்கு வெளியே இருந்தவர் என்றும் கூறிவிட முடியாது. 1948-ல் அமைந்த அணுசக்தி ஆணையத்தில் பாபா, பட்நாகருடன் அவரும் இடம்பெற்றார். ஆய்வெல்லாம் அரசு நிறுவனங்களில் குவிவதால் பல்கலைக்கழகங்கள் நலிகின்றன என்று விமர்சித்தவர் மேகநாத் சாகா. 1952-ல் மக்களவைக்குத் தேர்வான அவரும் அலகாபாதில் முன்னர் பேராசிரியராக விளங்கியவரே. சாகாவின் குறையில் நியாயம் இருந்தது. கிருஷ்ணனின் பெரும் சாதனைகளுக்குக் கல்கத்தாவின் சிறிய ஆய்வுக்கூடமும் டாக்கா பல்கலைக்கழகமுமே களமாக இருந்தன. ஆனால் கிருஷ்ணனைப் பொறுத்தவரை, இயக்குநர் நாற்காலி ஆய்வாளரை விழுங்கிவிடவில்லை என்பதற்கு அந்தச் சூடேறிய கம்பியே சான்று.

1954-ல் பத்மபூஷண் விருதும், 1958-ல் முதலாவது பட்நாகர் விருதும் அவரைத் தேடி வந்தன. 1961 ஜூன் மாதம், இயக்குநர் பொறுப்பில் இருந்தபோதே தமது 62-வது வயதில் காலமானார்.