சிங்தாவின் ஒற்றைப் புறா

கொஞ்சம் துணிச்சலும் கொஞ்சம் தந்திரமும் உள்ள ஆளைப் பார்த்தால், அவன் சரியான எம்டன் என்று நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டது. அக்டோபர் 28 விடியற்காலையில் நம்ம பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அது எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்று தேடப் போனபோதுதான் எனக்குக் குந்தர் புளூஷோவ் அறிமுகமானார்.

ஊர், சீனாவின் சிங்தாவ். 1898ல் ஜெர்மனி அதைச் சீனாவிடமிருந்து 99 வருடக் குத்தகை என்ற பெயரில் வாங்கியிருந்தது. வாங்கியது என்பது மரியாதைக்குச் சொல்வது. மிரட்டிப் பிடுங்கியது என்பதுதான் சரி.

புளூஷோவ் 1886ல் மியூனிக்கில் பிறந்தவர், கடற்படை அதிகாரி. விமானம் ஓட்டவே 1914 ஆரம்பத்தில்தான் கற்றுக்கொண்டார். ஜூன் மாதம் சைபீரிய ரயிலில் சிங்தாவ் வந்து சேர்ந்தார். பின்னாலேயே கப்பலில் இரண்டு தௌபே விமானங்கள் வந்தன. தௌபே என்றால் ஜெர்மன் மொழியில் புறா. இறங்கி ஏற இருந்த ஒரே இடம் மலைகளுக்கு நடுவே ஒரு குதிரைப் பந்தயத் திடல். ஜூலை கடைசியில் இன்னொரு விமானி விழுந்து படுகாயம் அடைந்தார். அவர் விமானமும் போயிற்று. சில நாளில் புளூஷோவும் விழுந்தார். ஆள் தப்பினார், விமானம் நொறுங்கியது.

மெக்கானிக்கல் படிக்கிறவன் என்பதால் எனக்கு அடுத்த கட்டம்தான் ரொம்பப் பிடிக்கும். பெட்டியைத் திறந்து பார்த்தால், உபரியாக வந்த மர புரொப்பெல்லர்கள் எல்லாம் ஈரத்தில் ஒட்டு விட்டுப் பிரிந்து கிடந்தன. ஜெர்மனிக்குச் சொல்லி அனுப்பவும் வழியில்லை, போர் தொடங்கிவிட்டது. கப்பல் பட்டறையில் இருந்த சீனத் தச்சர்கள் ஓக் மரப் பலகைகளை அடுக்கி, சாதாரண மரப்பசையால் ஒட்டி, ஒரு புரொப்பெல்லரைச் செதுக்கிக் கொடுத்தார்கள். நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிற பொருள்! இரண்டு பக்கமும் எடை துளி மாறினாலும் இன்ஜினே ஆடிப் போகும். பறந்து வந்த பிறகு ஒட்டு பிரிய ஆரம்பிக்கும், மறுபடி ஒட்டி இறுக்கிக் கட்டி வைப்பார்கள். அதை நம்பித்தான் அவர் பறந்தார். அந்தத் தச்சர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 23ல் ஜப்பான் போரில் இறங்கியது. கோட்டைக்குள் சுமார் 4,000 பேர், வெளியே 20,000க்கும் மேல். பிரிட்டிஷ் தரப்பில் 36ஆம் சீக்கியப் படையும் வந்திருந்தது. ஜப்பானியரிடம் கப்பலிலிருந்து இறக்கிப் பறக்கவிடும் கடல் விமானங்களே இருந்தன. கோட்டைக்கு ஒரே புறா.

புளூஷோவின் வேலை சண்டை போடுவது இல்லை, பார்ப்பது. ஓட்டுவதும் அவரே, கவனிப்பதும் அவரே. பீரங்கி எங்கே, பதுங்குகுழி எதுவரை வந்துவிட்டது என்று பறந்துகொண்டே பென்சிலால் வரைவார். முதலில் தாழப் பறந்து இறக்கை முழுக்கக் குண்டு ஓட்டைகளோடு திரும்பினார். பிறகு உயரே போகப் பழகிக்கொண்டார். அனுமன் இலங்கைக்குப் போனதும் முதலில் பார்த்துவிட்டு வந்து சொல்லத்தானே? அனுமன் சும்மா வரவில்லை, ஊரையும் கொளுத்திவிட்டு வந்தார். இவரும் காப்பித்தூள் டின்னில் டைனமைட் அடைத்துப் போட்டுப் பார்த்தார், பெரிதாகப் பலனில்லை. ஒரு ஜப்பானிய விமானத்தைக் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தியதாகவும் பின்னால் எழுதினார். அதை நான் அப்படியே நம்ப மாட்டேன்.

உண்மையில் கஷ்டம் வேறு. ஒவ்வொரு நாளும் அவர் கொண்டுவந்தது கெட்ட செய்திதான். எதிரி இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருப்பான். கோட்டை விழப்போகிறது என்பதை மேலிருந்து முதலில் கண்டவர் அவர்தான். கண்டதால் தடுத்துவிட முடியவில்லை.

நவம்பர் 6 காலை கவர்னர் கடிதங்களைக் கொடுத்து அனுப்பினார். ஹாய்சோ பக்கம் ஒரு வயலில் இறங்கி, புறாவைத் தன் கையாலேயே எரித்தார். மறுநாள் சிங்தாவ் சரணடைந்தது.

பிறகு நடந்தது சினிமா மாதிரி. ஷாங்காய், சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க், கடைசியில் ஜிப்ரால்டரில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். இங்கிலாந்தில் டோனிங்டன் ஹால் முகாமில் வைத்தார்கள். 1915 ஜூலை 4ல் இன்னொருவரோடு தப்பினார். அந்த நண்பர் மாட்டிக்கொண்டார். கையில் டிராகன் பச்சை குத்திய ஆள் என்று போலீஸ் தேட, இவர் தலையில் கரி பூசித் துறைமுகக் கூலி போல லண்டனிலேயே சுற்றினார். கடைசியில் டச்சுக் கப்பலில் ஒளிந்து ஊர் சேர்ந்தார். இரண்டு உலகப் போரிலும் பிரிட்டனிலிருந்து தப்பி வீடு போய்ச் சேர்ந்த ஒரே ஜெர்மன் கைதி இவர்தான். இதில் வேடிக்கை, சொந்த நாட்டிலேயே யாரும் நம்பாமல் முதலில் உளவாளி என்று பிடித்து வைத்தார்கள்!

போர் முடிந்தும் பார்க்கும் ஆசை விடவில்லை. தென் அமெரிக்காவின் தென்கோடிக்குப் போனார். வெள்ளி காண்டோர் என்ற கடல் விமானத்தில், மெக்கானிக் எர்ன்ஸ்ட் ட்ரெப்லோவுடன், அதுவரை யாரும் மேலிருந்து பார்க்காத பனிமலைகளைப் படம் பிடித்தார். இந்த முறை துணைக்கு ஓர் ஆள், கையில் கேமரா, கீழே சுட யாருமில்லை.

1931 ஜனவரி 28ல் அர்ஜென்டினாவின் பனியாறுகளுக்குப் பக்கத்தில் அந்த விமானம் விழுந்தது. இருவரும் பிழைக்கவில்லை. இன்னும் பதினொரு நாள் இருந்திருந்தால் புளூஷோவுக்கு 45 வயது ஆகியிருக்கும்.