பில் கவுன்டரில் கேட்கும் 'பீப்' சத்தம்: பார்கோடு பேட்டன்ட் வாங்கியவர் அதைக் கடையில் பார்க்கவே இல்லை!

பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும், பில் கவுன்டரில் முதலில் காதில் விழுவது 'பீப்' சத்தம்தான். பிஸ்கட், சோப்பு, எண்ணெய் பாக்கெட் என எல்லாவற்றின் முதுகிலும் கறுப்புக் கோடுகள். இந்தக் கோடுகளுக்குப் பின்னால் இருப்பவர்களில் ஒருவர் பெர்னார்ட் சில்வர். ஆனால், ஒரு கடையில்கூட அந்த 'பீப்' சத்தத்தை அவர் கேட்கவில்லை.

ஒட்டுக்கேட்ட ஒரு பேச்சு

1924-ல் பிறந்த சில்வர், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள ட்ரெக்சல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். 1948-ல் அங்கே மேற்படிப்பு படிக்கும்போது, ஒரு மளிகைக்கடை நிறுவனத்தின் தலைவர் கல்லூரி டீனிடம் உதவி கேட்டு வந்தார். பில் போடும் இடத்தில் பொருளின் விவரம் தானாகப் பதிவாக வேண்டும், அதற்கு ஆராய்ச்சி செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. டீன் மறுத்துவிட்டார். தற்செயலாக அதைக் கேட்ட சில்வர், நேராகப் போய் நண்பர் ஜோசப் உட்லேண்டிடம் சொன்னார்.

முதல் முயற்சி, புற ஊதா ஒளியில் மின்னும் மை. வேலை செய்தது. ஆனால் மை மங்கிப் போனது, செலவும் அதிகம்.

மணலில் வரைந்த கோடு

உட்லேண்ட் படிப்பை விட்டுவிட்டு மயாமி பீச்சில் இருந்த தாத்தா வீட்டுக்குப் போனார். சாரணர் இயக்கத்தில் கற்ற மோர்ஸ் கோடு நினைவுக்கு வர, கடற்கரை மணலில் புள்ளியும் கோடும் போட்டுப் பார்த்தார். அவற்றைக் கீழ்நோக்கி இழுத்தால் மெல்லிய கோடு, தடித்த கோடு. ஐடியா ரெடி!

இருவரும் 1949 அக்டோபர் 20-ல் விண்ணப்பித்தார்கள். 1952 அக்டோபர் 7-ல் பேட்டன்ட் கிடைத்தது. எண் 2,612,994. எந்தப் பக்கத்திலிருந்து காட்டினாலும் படிக்க வேண்டும் என்பதற்காக, வட்டத்துக்குள் வட்டமாகவும் கோடுகளை அமைத்திருந்தார்கள்.

எப்படிப் படிக்கிறது?

சிம்பிள்தான். வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். திரும்பி வரும் ஒளியை வைத்து ஒவ்வொரு கோட்டின் அகலத்தையும் இடைவெளியையும் கருவி அளக்கிறது. அந்த அளவுகள்தான் எண்களாக மாறுகின்றன.

ஏன் உடனே கடைக்கு வரவில்லை?

ஐடியா ரொம்ப சீக்கிரம் வந்துவிட்டது என்பதுதான் பிரச்சினை. அவர்கள் செய்த முதல் கருவி ஒரு மேஜை அளவுக்கு இருந்தது. அதன் 500 வாட் பல்பின் சூட்டில் காகிதமே புகைந்தது. லேசரும் சின்னக் கணினியும் அப்போது இல்லை. 1962-ல் பில்கோ நிறுவனத்துக்கு 15,000 டாலருக்கு பேட்டன்ட்டை விற்றார்கள். இருவருக்கும் அதிலிருந்து கிடைத்தது அவ்வளவுதான்.

அடுத்த வருஷமே, 1963 ஆகஸ்டில், சில்வர் இறந்துபோனார். வயது 38.

1969-ல் பேட்டன்ட்டின் 17 ஆண்டு காலமும் முடிந்தது. பிறகு ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர், வட்டத்தை விட்டுவிட்டு இன்று நாம் பார்க்கும் செவ்வக வடிவத்தை உருவாக்கினார். அங்கே வேலை பார்த்த உட்லேண்டும் அதில் பங்கெடுத்தார். 1974 ஜூன் 26-ல், ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகர சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங் கம் பாக்கெட் முதன்முதலாக ஸ்கேன் ஆனது. விலை 67 சென்ட். சில்வர் இறந்து கிட்டத்தட்ட 11 வருஷம் ஆகியிருந்தது.

890 என்றால் இந்தியத் தயாரிப்பா?

இல்லை. பார்கோடு 890 என்று தொடங்கினால், அந்த எண்ணை நிறுவனம் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பிடம் வாங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். பொருள் எங்கே தயாரானது என்பதை அது சொல்லாது. 13 இலக்கங்களில் கடைசி இலக்கம், முன்னால் உள்ள 12-ஐ வைத்துக் கணக்கிடப்படுவது. ஸ்கேனர் ஓர் எண்ணைத் தப்பாகப் படித்தால் காட்டிக்கொடுப்பது அதுதான்.

உட்லேண்டுக்கு 1992-ல் அமெரிக்காவின் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. 2011-ல் அந்நாட்டின் கண்டுபிடிப்பாளர்கள் புகழ் அரங்கில் இருவர் பெயரும் சேர்க்கப்பட்டன. உட்லேண்டுக்கு அப்போது வயது 89. சில்வர் இறந்து கிட்டத்தட்ட 48 வருஷம் ஆகியிருந்தது.