குதிரை ஓடிய பாட்டு

சீசர் சைஃபர் படிச்சிருப்பீங்க. அதுக்கும் முன்னாடியே எபிரேயர்கள்கிட்ட அத்பாஷ்னு ஒரு முறை இருந்தது. அவங்க மொழியில் 22 எழுத்து. முதல் எழுத்துக்குப் பதிலா கடைசி, இரண்டாவதுக்குப் பதிலா 21ஆவது, இப்படியே மாத்திக்கிட்டுப் போகணும். பைபிள்ல எரேமியா புத்தகத்தில் பாபேல் 'சேசாக்' ஆனது இப்படித்தான்.

அங்கே எழுத்தே மாறுது. எழுத்தை அப்படியே வெச்சுட்டு, இடத்தை மட்டும் மாத்தினா? அதைச் செஞ்சு காட்டியவர் நம்ம காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர். வேதாந்த தேசிகர்.

மரபுக் கணக்குப்படி 1268இல் காஞ்சிபுரம் தூப்புலில் பிறந்தார். பெயர் வேங்கடநாதன். பாடம் சொல்லிக் கொடுத்தது தாய்மாமா அப்புள்ளார். திருவஹீந்திரபுரத்தில் பல வருஷம் இருந்துவிட்டு, பிறகு ஸ்ரீரங்கம் வந்தார். தமிழ், சமஸ்கிருதம், பிராகிருதம், மணிப்பிரவாளம்னு நாலிலும் எழுதினார்.

ரங்கநாதரின் பாதுகையைப் பற்றி மட்டும் 1008 சுலோகம். பாதுகா சஹஸ்ரம்னு பேர். ஒரே ராத்திரியில் முடிச்சார்னு சொல்வாங்க. (பரீட்சைக்கு முந்தின ராத்திரி நாம படிக்கிறதை இதோட ஒப்பிட வேண்டாம்.) அதில் 929ஆவது சுலோகத்தை 4 வரிசை, 8 கட்டம் போட்டு எழுதுங்க. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, மொத்தம் 32. இடது மேல் மூலையில் சதுரங்கக் குதிரையை நிறுத்துங்க. அது இரண்டாவது வரிசையின் மூணாவது கட்டத்துக்குத் தாவும், அங்கிருந்து முதல் வரிசையின் அஞ்சாவது கட்டம், அப்புறம் இரண்டாவது வரிசையின் ஏழாவது, அப்புறம் கீழ் வலது மூலை. இப்படி 32 கட்டத்தையும் ஒரே ஒரு தடவை தொட்டு முடியும்போது, போன வழியில் எழுத்துக்களைக் கூட்டிப் படிச்சா 930ஆவது சுலோகம் வந்துடும். அதே 32 எழுத்து, அதே சந்தம், வேற அர்த்தம்.

புரோகிராம் எழுதினா குதிரை போகும் வழியை நொடியில் கண்டுபிடிச்சுடலாம். அது பெரிய விஷயமில்லை. ரெண்டு பக்கமும் அர்த்தம் வரணும், அங்கேதான் மூச்சு முட்டும். தேசிகருக்கு முன்னாடி ருத்ரடர்னு ஒருவர் குதிரைப் பாட்டு எழுதியிருக்கார். ஆனா அவருடையதில் எப்படிப் படிச்சாலும் அதே பாட்டுதான் வரும். ஆய்லர் இந்தக் கணக்கை எடுத்தது 1759இல்.

1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தது. ஸ்ரீபாஷ்யத்துக்கு உரையான சுருதப்பிரகாசிகையை எழுதிய சுதர்சன சூரி, ஓலைச்சுவடியையும் தன் ரெண்டு மகன்களையும் தேசிகர் கையில் ஒப்படைச்சார். பிணங்களுக்கு நடுவே பிணம் மாதிரி படுத்துக் கிடந்து, சுவடியையும் பிள்ளைகளையும் காப்பாத்தி, கர்நாடகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்னு குருபரம்பரை நூல்கள் சொல்லுது. அச்சு இல்லாத காலம். அந்த ஓலை அன்னிக்கு எரிஞ்சிருந்தா, அதை வெச்சுப் பாடம் நடத்த அவங்களுக்கு என்ன மிச்சம் இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. கூடவே தேசிகரும் போயிருப்பார்.

பல வருஷம் அங்கேயே இருந்தார். ரங்கநாதர் பழையபடி கோயிலுக்குத் திரும்பணும்னு அபீதிஸ்தவம் பாடினார். 1369இல் மறைந்தார்.

ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னிதிக்கு எதிரே அவருக்கும் ஒரு சன்னிதி இருக்கு. போனா எட்டிப் பாருங்க. முன்னாடி ஒரு தாளில் 32 கட்டம் போட்டு, குதிரையை ஓட்டிப் பார்த்துட்டுப் போங்க.