சபை நடுவே நாணிய சிறுவன்

பலர் முன்னிலையில் நேரும் சிறுமை பெரியோரையே வாட்டும். பிஞ்சு உள்ளத்தை அது எத்துணை வருத்தும் என்று சொல்ல வேண்டுவதில்லை. அச்சிறுமையிலிருந்து தப்பப் பொய்யைத் துணைக்கொள்வாரும் உளர். சிறுமைப்படுத்தியவர்மீது கொண்ட சினத்தை நெடுநாள் சுமப்பாரும் உளர். இவ்விரண்டும் இன்றி மீண்டெழும் வழியொன்று உண்டு என்பதற்கு அண்ணல் காந்தியடிகளின் இளமைக்காலம் நல்லதொரு சான்றாகும்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், கத்தியவார்ப் பகுதியின் போர்பந்தரில், கரம்சந்த் காந்திக்கும் புத்லிபாய் அம்மையாருக்கும் கடைசி மகனாக அடிகள் பிறந்தார். அவருக்கு ஏழு வயதளவில் குடும்பம் இராஜ்கோட்டில் குடியேறியது. மாணவப் பருவத்தில் அவர் மிகுந்த கூச்சமுடையவர். பள்ளி விட்டதும் வீட்டிற்கு ஓடிவந்து விடுவார். எவரேனும் தம்மை எள்ளி நகையாடுவரோ என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில், கல்வி ஆய்வாளர் ஜைல்ஸ் துரை வகுப்பைப் பார்வையிட வந்தார். ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதுமாறு பணித்தார். அவற்றுள் கெட்டில் என்னும் சொல்லை மோகன்தாஸ் பிழையாக எழுதிவிட்டார். அதனைக் கண்ட ஆசிரியர், அடுத்த மாணவனின் பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளுமாறு தம் காலணி முனையால் குறிப்புக் காட்டினார். பார்த்தெழுதாமல் காப்பதற்கே ஆசிரியர் நிற்கிறார் என்று நம்பியிருந்த சிறுவருக்கு அக்குறிப்பு விளங்கவேயில்லை. முடிவில், ஏனைய மாணவர் அனைவரும் பிழையின்றி எழுதியிருக்க, அவர் ஒருவரே தவறியவராக நின்றார். அவரது அறியாமையை ஆசிரியர் பின்னர் எடுத்துக்காட்டியும் பயன் விளையவில்லை. பார்த்தெழுதும் கலை அவருக்கு ஒருநாளும் கைவரவில்லை. எனினும், அந்த ஆசிரியர்பால் கொண்ட மதிப்பை அவர் குறைத்துக்கொள்ளவும் இல்லை.

மேல்வகுப்பில் இதனினும் வருத்தமான நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. தலைமையாசிரியர் தொராப்ஜி எதுல்ஜி கிமி உடற்பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்குப் பயிற்சிக்குச் செல்ல வேண்டும். வானம் மேகம் சூழ்ந்திருந்தது. மோகன்தாஸிடம் கடிகாரமும் இல்லை. நேரம் தெரியாமல் அவர் சென்று சேர்ந்தபோது அனைவரும் கலைந்து போயிருந்தனர். மறுநாள் அவர் உரைத்த காரணத்தைத் தலைமையாசிரியர் நம்பவில்லை. ஓரணாவோ இரண்டணாவோ அபராதம் விதித்தார். அபராதத்தினும் பொய்யன் என்று கருதப்பட்டதே அவரை வதைத்தது. ஆறாத துயரால் அழுதார். ஆயினும், அவ்வழுகையின் முடிவில் ஆசிரியரைப் பழிக்காமல் தம்மையே ஆராய்ந்தார். உண்மையை விரும்புவோன் விழிப்புடனும் இருத்தல் வேண்டும் என்னும் பாடத்தைக் கற்றார். பின்னர் அபராதமும் நீங்கியதாக அவர் நினைவு கூர்ந்துள்ளார்.

நம் சமயச் சான்றோர் இருவர் அவர் வாழ்வில் தொடர்புகொண்டமையையும் இங்குக் குறித்தல் தகும். 1888இல் இங்கிலாந்து செல்லுமுன், மது, மாது, புலால் ஆகியவற்றை விலக்கும் உறுதிமொழியை அன்னையார் முன்னிலையில் அவருக்குச் செய்வித்தவர் பேசர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர். 1891இல் நாடு திரும்பியதும் பம்பாயில் அவர் நட்புற்றவர் ஸ்ரீமத் இராஜசந்திரர்.

கூச்சம் எளிதில் அகலவில்லை. பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கில் எழுந்து நின்றபோது தலை சுழன்றது, நா எழவில்லை. வழக்கை வேறொரு வழக்கறிஞரிடம் ஒப்புவிக்கச் செய்து, பெற்ற 30 ரூபாய் ஊதியத்தையும் திருப்பியளித்தார். அங்கும் பொய்ப் பெருமையை அவர் நாடவில்லை. 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர் கூட்டத்தில் அவர் ஆற்றியதே அவருடைய முதற் பொதுச் சொற்பொழிவு. அதன் பொருள், வணிகத்தில் வாய்மையைக் கடைப்பிடித்தல் என்பது! ஏளனத்திற்கு அஞ்சி ஓடிய சிறுவர், தம்மைத் தலைகுனியச் செய்த அவ்வாய்மையைப் பற்றியே சபையில் நிமிர்ந்து பேசினார்.

1925 முதல் நவஜீவன் இதழில் தம் வரலாற்றைத் தொடராக எழுதியபோது, நாடே போற்றும் தலைவராக இருந்தும் இந்நிகழ்ச்சிகளை அவர் மறைக்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அவர் மறைந்தார்.

நம் இல்லத்துச் சிறார் தேர்விலோ, மேடையிலோ, விழாக் கூட்டத்திலோ தவறி நாணி நிற்கும் நாள் வரும். அவ்வேளையில் பிழையை மறைக்கக் கற்பிக்கும் பெற்றோர் அந்த ஆசிரியரின் காலணியையே ஒத்தவராவர். அழுகை அடங்கும்வரை அருகிருந்து, இதிலிருந்து கொள்ளத்தக்கது யாதென அன்போடு வினவுவோமாக. நேர்மையோடு பெற்ற தோல்வியால் எந்தக் குழந்தையும் சிறுமையடைவதில்லை.