மலைமேல் நம்பர் 1... கீழே இறங்கினால்? பள்ளி அணிகளையும் எடைபோடும் ஃபார்முலா தந்த அர்பாத் எலோவின் கதை

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அங்கே ஒரு பள்ளியின் பெண்கள் கூடைப்பந்து அணி, சேர்வராயன் மலையில் இருக்கிற மற்ற அணிகள் எல்லாவற்றையும் தோற்கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கீழே சேலத்தில் இன்னொரு பெண்கள் அணி, நகரத்துப் பள்ளிகளை எல்லாம் வென்று நிற்கிறது. இரண்டும் ஒருமுறைகூட நேருக்கு நேர் ஆடியதில்லை. மாவட்டப் போட்டிக்கு அட்டவணை போடுபவர் எந்த அணியை வலுவானது என்று மேலே வைப்பார்?

பெரும்பாலும் பெயர் தெரிந்த அணியைத்தான். 'அவங்க போன வருஷமும் ஃபைனல் வந்தாங்களே' என்கிற ஞாபகம்தான் இங்கே அளவுகோல். அந்த ஞாபகத்துக்குப் பதிலாக ஒரு எண்ணை வைக்க முடியுமா என்று யோசித்தவர், ஒரு இயற்பியல் பேராசிரியர். பெயர் அர்பாத் எலோ. செஸ் வகுப்பு வாசலில் காத்திருக்கும் சென்னை அப்பா அம்மாக்களுக்கு இந்தப் பெயர் தினமும் காதில் விழும். ஏதோ நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம்போல என்று நினைப்பவர்கள் ஏராளம். இல்லை, அது அவருடைய குடும்பப் பெயர்.

கிராமத்திலிருந்து மில்வாக்கிக்கு

எலோ பிறந்தது 1903 ஆகஸ்ட் 25, ஹங்கேரியின் எக்யாசாஷ்கெசோ என்ற கிராமத்தில். 1913-ல், பத்து வயதுவாக்கில், குடும்பத்தோடு அமெரிக்கா போனார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து முடித்து, 1926-ல் மில்வாக்கி நகரின் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தார். பல பத்தாண்டுகளுக்கு அதுதான் அவருடைய பிழைப்பு. செஸ் பக்கத்தில் இருந்த காதல்.

சும்மா பொழுதுபோக்குக்கு ஆடியவர் இல்லை. விஸ்கான்சின் மாநில சாம்பியன் பட்டத்தை எட்டு முறை வென்றவர். 1957-ல், ஐம்பதைத் தாண்டிய வயதில், 14 வயதுப் பையன் ஒருவனுக்கு எதிராக உட்கார்ந்து தோற்றும் இருக்கிறார். அந்தப் பையன் பாபி ஃபிஷர். தோற்பது எப்படி இருக்கும், யாரிடம் தோற்றால் எவ்வளவு வலிக்கும் என்பதெல்லாம் அனுபவமாகத் தெரிந்தவர்தான் பிறகு ஃபார்முலா எழுத உட்கார்ந்தார்.

அப்போது அமெரிக்க செஸ் கூட்டமைப்பிடம் ஏற்கெனவே ஒரு ரேட்டிங் முறை இருந்தது. கென்னத் ஹார்க்னஸ் உருவாக்கியது. எதிராளிகளின் சராசரி ரேட்டிங்கை எடு. பாதிக்கு மேல் வென்றால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 புள்ளி கூட்டு, பாதிக்குக் கீழே போனால் கழி. கணக்கு ஈஸி. ஆனால் பலவீனமானவர்களோடு ஆடி எல்லா ஆட்டத்தையும் ஜெயித்த பலசாலிக்குக்கூட அபத்தமான எண் வந்து நிற்கும். இதைச் சரிசெய்ய 1959-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் எலோ. 1960-ல் அவருடைய முறையை அமெரிக்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது.

சரி, அப்படி என்ன கணக்கு அது?

ஒரு இயற்பியல்காரர் யோசிப்பதுபோலவே யோசித்தார் எலோ. ஒருவரின் திறமை நிலையான ஒரு புள்ளி இல்லை. ஒரு நாள் மேலே போகும், ஒரு நாள் கீழே வரும். ஆனால் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு சராசரி உண்டு. ஆக, நாம் அளக்க வேண்டியது சராசரியைத்தான். தண்ணீரில் மேலும் கீழும் ஆடும் தக்கையை, காற்றில் அசையும் கயிற்றில் கட்டிய அளவுகோலை வைத்து அளப்பது மாதிரி என்று அவரே ஒப்பிட்டுச் சொல்வாராம். தன் எண்ணின் மீது அவருக்கு அவ்வளவுதான் மயக்கம்.

செஸ்ஸை விட்டுவிட்டு நம் ஏற்காடு அணிக்கே இதைப் போட்டுப் பார்க்கலாம். ஏற்காடு அணியின் ரேட்டிங் 1500, சேலம் அணி 1700 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 200 புள்ளி வித்தியாசம் என்றால், 100 ஆட்டம் ஆடினால் சேலம் 76-ல் ஜெயிக்கும், ஏற்காடு 24-ல் ஜெயிக்கும் என்பது எலோ கணக்கின் எதிர்பார்ப்பு. ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 32 புள்ளி கைமாறலாம் என்று வைப்போம். சேலம் ஜெயித்தால் அது எதிர்பார்த்ததுதான். அதற்கு வெறும் 8 புள்ளி. ஏற்காடு ஜெயித்தால்? 24 புள்ளி. ஒரு அணி எவ்வளவு ஏறுகிறதோ, அதே அளவு மற்றது இறங்கும்.

அவ்வளவுதான் மொத்த ஃபார்முலாவும். யாரை ஜெயித்தாய் என்பது எத்தனை முறை ஜெயித்தாய் என்பதைவிட முக்கியம். பெயர், ஊர், போன வருஷ ஃபைனல் எதுவும் இந்தக் கணக்குக்குத் தெரியாது.

1970-ல் உலக செஸ் அமைப்பான ஃபிடே இதை ஏற்றது. 1971-ல் வந்த அதிகாரபூர்வப் பட்டியலில் முதலிடம், 2760 புள்ளிகளோடு, ஒருகாலத்தில் எலோவைத் தோற்கடித்த அதே ஃபிஷருக்கு. அடுத்த வருஷம் அவர் உலக சாம்பியன். ஃபிடேவின் கணக்கை 1980-கள் வரை எலோவே தன் கையால், ஒரு சின்ன கால்குலேட்டரை வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது இன்றைக்கு நம்பக் கஷ்டமான விஷயம்.

1978-ல் தன் முறையை ஒரு புத்தகமாகவே எழுதினார். பழைய காலத்து ஆட்டக்காரர்களுக்கும் அதில் பின்னோக்கிப் போய் எண் கொடுத்திருந்தார். பஞ்சாபில் ஒரு ஜமீன்தாரிடம் பணியாளாக இருந்து, பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை மூன்று முறை வென்ற மீர் சுல்தான் கானுக்கு அதில் 2530. உயிரோடு இருந்தவரை சுல்தான் கானுக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் யாரும் தரவில்லை. 2024-ல்தான் ஃபிடே அவருக்கு கௌரவப் பட்டம் கொடுத்தது. எலோவின் எண் அதற்கு 46 வருஷம் முன்பே வந்துவிட்டது.

100 புள்ளி... ஒருவரைத் தவிர

ஆனால் இந்த ஃபார்முலாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. பெண்கள் விளையாட்டில்தான் அது பளிச்சென்று வெளியே தெரிந்தது.

அப்போது பெண் செஸ் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர்களுடைய ரேட்டிங் ஆண்களோடு ஒப்பிட்டால் உண்மையைவிடக் குறைவாக இருக்கிறது என்று சொல்லி, 1986-ல் எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளியை அப்படியே கூட்டியது ஃபிடே. ஒருவரைத் தவிர. ஹங்கேரியின் சூசன் போல்கர். அவர் பெரும்பாலும் ஆண்களோடு ஆடியவர், அவருடைய ரேட்டிங் ஏற்கெனவே சரிதான் என்பது காரணம். பட்டியல் வந்தபோது 17 வயதுப் பெண் முதலிடத்தை இழந்திருந்தார். வெளியே போய் ஆண்களோடு மோதியதற்குக் கிடைத்த பரிசு! எலோவின் சொந்த நாட்டுப் பெண்ணுக்கே இது நடந்தது.

இந்த முடிவு நியாயமா என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். ஃபிடே சொன்ன பிரச்னை நிஜம்தான். எலோ கணக்கில் புள்ளிகள் ஆட்டம் வழியாக மட்டுமே பயணிக்கும். மூடிய வட்டத்துக்குள் அவை சுற்றிச் சுற்றி வரும், வெளியுலகத்தோடு ஒப்பிட எந்த வழியும் இருக்காது. எலோ இறந்த பிறகு, 1990-களில், அமெரிக்கச் சிறை ஒன்றில் இருந்த கிளாட் பிளட்குட் என்ற கைதி, சக கைதிகளோடு மட்டும் ஆடியே 2700-ஐத் தாண்டினார். உலகத் தரவரிசை ஜாம்பவான்கள் இருக்கிற இடம் அது.

இப்போது மறுபடி மலைக்கு வருவோம். மலையில் நாலு பள்ளி அணிகள், எல்லாம் 1500-ல் தொடங்குகின்றன. எத்தனை ஆட்டம் ஆடினாலும் நாலின் சராசரி 1500-தான். எல்லோரையும் ஜெயித்த அணி 1600 தொடலாம். சேலத்திலும் நாலு அணிகள், அதே கதை, அங்கேயும் ஒரு 1600. இரண்டும் சமமா? அந்த எண்களைப் பார்த்து ஒன்றுமே சொல்ல முடியாது. மலையிலிருந்து ஒரு அணியாவது கீழே இறங்கி ஆட வேண்டும். காபி மூட்டைபோல புள்ளிகளும் மலைப்பாதையில் வந்து போக வேண்டும். அந்த அணி திரும்பி வந்து மலையில் மற்ற மூன்றோடு ஆடும்போதுதான், அவர்களுடைய எண்ணும் திருந்தும். பஸ் செலவுக்கு வழியில்லாத அணியின் ரேட்டிங் தப்பாக இருப்பதற்கு ஃபார்முலா காரணமில்லை.

எலோ 1992 நவம்பர் 5 அன்று, 89 வயதில், விஸ்கான்சினின் புரூக்ஃபீல்டில் இறந்தார். அதன்பிறகு அவர் கணக்கு போன இடங்கள் கொஞ்சநஞ்சமில்லை. 2003-ல் தொடங்கிய ஃபிஃபா பெண்கள் கால்பந்து தரவரிசை இந்த வழியில்தான் ஓடுகிறது. ஆண்கள் பட்டியல் இதற்கு மாற 2018 ஆனது. டேட்டிங் ஆப், ஏஐ சாட்பாட் போட்டிகூட இதைப் பயன்படுத்தியிருக்கின்றன.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்தில் 'பவர் ரேங்கிங்' ஒரு தனி உலகம். ஆயிரக்கணக்கான அணிகள், எல்லோரும் எல்லோரோடும் ஆடவே முடியாது. அதனால் இந்த மாதிரிக் கணக்குகள்தான் வழி. ஆனால் கூடைப்பந்தில் செஸ்ஸில் இல்லாத ஒன்று உண்டு: எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாய் என்பது. அதையும் சேர்த்தால் கணிப்பு கூர்மையாகும். கூடவே, பாவப்பட்ட அணியை அடித்து நொறுக்கும் ஆசையும் வரும். 2009 ஜனவரியில் டல்லாஸில் ஒரு பள்ளிப் பெண்கள் அணி 100-0 என்று ஜெயித்தது. ஜெயித்த பள்ளி மன்னிப்புக் கேட்டது, பயிற்சியாளர் வேலை இழந்தார். அதனால்தான் கணக்குப் போடுகிறவர்கள் பலரும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, பள்ளி அணி எப்போதும் ஒரே அணியாக இருப்பதில்லை. பிளஸ் டூ முடித்ததும் நட்சத்திர ஆட்டக்காரர் கிளம்பிவிடுவார். அதனால் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் எல்லா அணிகளையும் 1500 பக்கமாகக் கொஞ்சம் இழுத்துவிடுவது வழக்கம்.

நம் ஊரில் பள்ளிப் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கின்றன. நாக்-அவுட் ஆட்டம் என்றால் 16 அணிகளுக்கு 15 ஆட்டம் போதும். பாதி அணிகள் ஒரே ஆட்டத்தில் வீட்டுக்கு. முதல் ஆட்டத்திலேயே சாம்பியனிடம் சிக்கிய மலை அணி, உண்மையில் இரண்டாவது சிறந்த அணியாகக்கூட இருக்கலாம். எலோ முறைக்குத் தேவை ஒரு நோட்டு: தேதி, எந்த அணிகள், யார் ஜெயித்தது. மீதியை ஒரு மொபைலில் இருக்கும் எக்செல் பார்த்துக்கொள்ளும். ஆட்டங்கள் அதிகம் வேண்டும், அதுவும் மலைக்கும் கீழுக்கும் நடுவே. ஏற்காடு பெண்கள் சேலம் போய்த் தோற்றால் அவர்களுக்குப் போவது 8 புள்ளி.